பிராகுயி: நம் தமிழுக்குத் தூரத்து உறவு



பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத்தில் கலாத், குஸ்தார், மஸ்தூங் ஆகிய ஊர்களைச் சுற்றிய மலைநாட்டில் வாழும் ஒரு முஸ்லிம் சமூகம் பிராகுயி மக்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். ஆடு மேய்ப்பது அவர்களின் பழைய தொழில். குளிர்காலத்தில் மந்தையை ஓட்டிக்கொண்டு கச்சி சமவெளிக்கு இறங்கி, கோடையில் மலைக்குத் திரும்புவார்கள். 2023 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தானில் பிராகுயி பேசுவோர் 27 லட்சத்துக்கும் மேல். ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் சிலர் உண்டு.

சுற்றிலும் பலூச்சி, பஷ்தூ, சிந்தி பேசப்பட, இவர்கள் பேசுவது தமிழ், மலையாளம், கன்னடம் சேர்ந்த திராவிடக் குடும்பத்து மொழி! ‘கண்’ அங்கே ‘ஃகன்’, ‘கல்’ அங்கே ‘ஃகல்’. ‘கலீஃபா’ என்று அரபியில் சொல்லும்போது தொண்டையில் எழும் முதல் ஒலியே இந்த ‘ஃக’. ‘நீ’ அங்கும் ‘நீ’தான். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை அசிட், இரட், முசிட். நான்கிலிருந்து எண்களை அயல்மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பலூச்சி, பார்சி, அரபிச் சொற்கள் ஏராளமாகக் கலந்தும் மொழியின் அடிப்படை மாறவில்லை.

இவர்கள் தொன்றுதொட்டு அங்கேயே இருந்தவர்கள் என்பது சில அறிஞர்களின் கருத்து. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குள் மத்திய இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது வேறு சிலரின் கருத்து.

1666-இல் தொடங்கிய கலாத் கான்களின் ஆட்சி பிராகுயிகளுடையதே. ஆனாலும் அரசவையில் எழுதும் மொழி பார்சிதான். தாய்மொழி வீட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் பேச்சாகவே வாழ்ந்தது.

அதை ஏட்டில் ஏற்றியதில் பெரும்பங்கு ஆலிம்களுடையது. ஆங்கிலேயர் காலத்தில் கிறிஸ்தவ மிஷனரிகள் உள்ளூர் மொழிகளில் நூல்கள் வெளியிட்டபோது, போலான் கணவாய்ப் பக்கம் தாடர் அருகே மௌலானா முஹம்மது ஃபாஸில் துர்கானி நடத்திய மதரஸாவின் ஆலிம்கள், தீனின் சட்டங்களைப் பிராகுயியிலும் பலூச்சியிலும் எழுதினார்கள். பாமரரும் மனனம் செய்ய ஏதுவாகப் பலவற்றைப் பாட்டாக அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான மௌலானா முஹம்மது உமர் தீன்பூரி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குர்ஆனையே பிராகுயியில் மொழிபெயர்த்தார். அரபி ஓதத் தெரிந்தும் பொருள் அறியாதிருந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி!

இன்றோ யுனெஸ்கோவின் அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் பிராகுயியும் இருக்கிறது. பேச இத்தனை லட்சம் பேர் இருந்தும் பள்ளிப் படிப்பு உருதுவில் நடக்கிறது. வீட்டிலும் பலர் பலூச்சிக்கு மாறிவிட்டார்கள். ஆட்கள் குறைவதால் மட்டும் மொழி தேய்வதில்லை. பிள்ளையிடம் பெற்றோர் பேசாமல் விடுவதாலும் தேயும்.

நம் வீடுகளிலும் ஆங்கிலப் பள்ளியில் படித்து, குர்ஆனின் தமிழ் தர்ஜுமாவை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள் பெருகிவருகிறார்கள். மஃரிபுக்குப் பின் பத்து நிமிடம் அவர்களை உட்கார வைத்து, தமிழில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் அதனால் குறைந்துவிடாது.

பிள்ளைகளிடம் கேளுங்கள்:
1. பிராகுயி எந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது?
2. ‘முசிட்’ என்றால் எத்தனை?
3. குர்ஆனைப் பிராகுயியில் மொழிபெயர்த்தவர் யார்?