நானா கடையில் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் லயத்துக்குக் கீழே உள்ள முஸ்லிம் நானா கடையில் சாமான் வாங்கக் கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். காசு நம்முடையது, வாங்குவதும் வாங்காததும் நம் இஷ்டம்தானே?
– ஒரு வாசகி, ஸ்பிரிங்வெளி

பதில்: இஷ்டம்தான். பருப்பில் கல் கிடந்தால், தராசு பொய் சொன்னால், வேலைக்காரப் பையனை முதலாளி அடித்தால் தாராளமாக வேறு கடைக்குப் போங்கள். அவர் திருந்தினால் திரும்பி வரலாம். எந்தத் திசை பார்த்துத் தொழுகிறார் என்பதற்காக ஒதுக்கினால், அவர் எதைத் திருத்துவார்?

இந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதை அம்பாறையில் பார்த்தோம். 2018 பெப்ரவரியில் அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் வெள்ளையாக ஒரு கட்டி கிடந்தது. கருத்தடை மருந்து என்று கத்தினார்கள். கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி! ஆனாலும் கதை சாகவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு, அதே ஆண்டு ஜூனில், அஸ்கிரிய மகாநாயக்க தேரரே முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்று பேசினார். குண்டு வைத்தவன் வேறு, கொத்து ரொட்டி போடுகிறவன் வேறு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லாமல் இல்லை. அன்றைய அமைச்சர் மங்கள சமரவீர வெளிப்படையாகவே கண்டித்தார்.

நமக்கும் இப்படி நடந்தது: 1983 ஜூலையில் பதுளை பஜாரில் தமிழ்க் கடைகள் எரிந்ததை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த முதலாளிகள் என்ன தப்புச் செய்தார்கள் என்று அன்று யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த முறை 'அங்கே வாங்காதே' என்பவரிடம், மாதக் கடைசியில் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு இரண்டு கிலோ மாவு தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.