ஏ பிளஸ் வாங்கியவருக்கு எந்த வகுப்பு?

ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு வகுப்பு ஒதுக்குவது சுலபம். பத்து நிமிடம் பேசினால் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். காஜாங்கில் மாலை வகுப்பு எடுக்கும் எனக்குத் தலைவலி தருபவர்கள் நன்றாகத் தெரிந்தவர்கள்தாம். எஸ்பிஎம் ஆங்கிலத்தில் ஏ பிளஸ் வாங்கிவிட்டு, பல்கலைக்கழக நுழைவுக்கான மூயெட்டுக்கோ ஐஇஎல்டிஎஸ்ஸுக்கோ தயாராக பாங்கியிலிருந்தும் செமினியிலிருந்தும் வருவார்கள். கூடவே அம்மாவும் வருவார். "டீச்சர், எம்பொண்ணு தூக்கத்துலகூட இங்கிலீஸ்தான் பேசும். மேல் கிளாஸ்லயே போட்டுருங்க."

சரளமான பேச்சை வைத்து நான் வகுப்பு முடிவு செய்வதில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைக்குப் பேச்சு வராவிட்டால்தான் ஆச்சரியம். முதலில் ஒரு விஷயத்தைக் கொடுத்துக் கருத்துச் சொல்லச் சொல்வேன். பதினாறு வயதுக்குக் கீழ் சமூக ஊடகம் கூடாதா? பிள்ளை மடமடவென்று பேசும். முடித்ததும், "சரி, இப்போது நீ சொன்னதை நீயே மறுத்துப் பேசு" என்பேன். அங்கேதான் உண்மை வெளிவரும். பலர் ‘ஏக்சுவலி’, ‘பேசிக்கலி’ என்று முன்பு சொன்னதையே சுற்றிவருவார்கள். சிலர்தான் எதிர்த்தரப்பில் எது நியாயம், அது எந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்று பிரித்துச் சொல்வார்கள். வேகத்தில் இரு சாராரும் ஒன்றுதான். ஆனால் ஐரோப்பிய மொழி அளவுகோலின்படி முதல் சாரார் பி2, இரண்டாம் சாரார் அதற்கு அடுத்த சி1.

சரியான விடைக்கு வட்டமிடும் இலக்கணத் தேர்வை இவர்களுக்குக் கொடுப்பது வீண். எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினால் யாரை யாரிடமிருந்து பிரிப்பது? அதற்குப் பதில் நாற்பது நிமிடம், பேனா, தாள், ஒரு கட்டுரை. அதை வாசிக்கும்போது முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் கையால் மறைத்துக்கொள்வேன். ‘இன் திஸ் எரா ஆஃப் குளோபலைசேஷன்’ என்று தொடங்கி ‘இன் எ நட்ஷெல்’ என்று முடிப்பது இங்கே ஐந்தாம் படிவத்திலேயே மனப்பாடம். நடுப்பத்திதான் பிள்ளையின் சொந்தச் சரக்கு. ஒரு வாக்கியம் முந்தைய வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நகர்கிறதா, ‘எல்லாரும்’ என்று எழுதிய இடத்தில் ‘பெரும்பாலோர்’ என்று தயங்கத் தெரிகிறதா என்று அதில் பார்ப்பேன். எழுத்துப்பிழை எனக்கு இரண்டாம் பட்சம்.

மூயெட் எழுதிவிட்டு வருபவர்களிடம் பேண்ட் எத்தனை என்று கேட்பதோடு நிறுத்தாமல் முடிவுத்தாளையே வாங்கிப் பாருங்கள். 2021 முதல் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நான்குக்கும் தலா 90, மொத்தம் 360. அதற்கு முன் மொத்தம் 300, வாசிப்புக்கு மட்டுமே 120. மொத்தம் 250 வாங்கிய இருவர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நான்கிலும் அறுபதை ஒட்டியே இருக்கிறது. இன்னொருவருக்கு வாசிப்பு 80, கேட்டல் 75, பேச்சு 50, எழுத்து 45. இருவருக்கும் ஒரே பேண்ட்தான். ஆனால் ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் இரண்டாமவர் வாசிப்புப் பாடத்தில் கொட்டாவி விடுவார், எழுத்துப் பாடத்தில் விழிப்பார். ஐஇஎல்டிஎஸ் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பலவும் மொத்தப் புள்ளியோடு ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்சப் புள்ளி வைத்திருக்கின்றன. அதனால் இவருக்கு எழுத்து ஒரு வகுப்பில், வாசிப்பு இன்னொரு வகுப்பில். இரண்டு நிலைகளுக்கும் எழுத்துப் பாடத்தை வெவ்வேறு மாலைகளில் வைத்தால் இந்த மாற்றம் சாத்தியம். அட்டவணை போடுபவர் திட்டுவார், பரவாயில்லை.

மடமடவென்று பேசுபவர்களுக்கு நேர்மாறானவர்கள் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த சில பிள்ளைகள். எழுத்து கச்சிதமாக இருக்கும், நேர்காணலில் வாய் திறக்காது. முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் எந்தப் பிள்ளைக்குத்தான் பேச்சு வரும்? இவர்களை முதலில் எழுதவிட்டு, பிறகு அவர்கள் எழுதியதைப் பற்றியே பேச வைப்பேன். சொந்தக் கருத்தாயிற்றே, தானாக வரும். பேச்சை முதலில் சோதித்துக் கீழே தள்ளப்பட்ட கெட்டிக்காரர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

பெற்றோரைச் சம்மதிக்க வைப்பது தனி வேலை. மலாய் மொழியில் புள்ளி போதாமல், இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்தவர்கள் பலர் உள்ள தலைமுறை இது. ‘கீழ் வகுப்பு’ என்றாலே அவர்களுக்குக் கசக்கும். அதனால் என் வகுப்புகளுக்கு எண் கிடையாது. ‘கட்டுரை வகுப்பு’, ‘விவாத வகுப்பு’ என்றே அழைக்கிறேன். மூன்று மாதத்தில் பேண்ட் 5 வேண்டும் என்பவர்களிடம் கணக்கைக் காட்டுவேன். பி2-இலிருந்து சி1-க்குப் போக ஏறக்குறைய 200 மணி நேரப் பயிற்சி தேவை என்பது கேம்பிரிட்ஜின் மதிப்பீடு. வாரம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு வருடம். நடுவில் வீட்டில் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்பதுதான் அதைச் சுருக்கும்.

ஒரு பிள்ளையின் வகுப்பை மாற்றுவதாக இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு சிநேகம் பிடித்துவிட்டால் எந்தப் பிள்ளையும் இடத்தை விட்டு எழாது.

வகுப்பே தேவைப்படாதவர்களும் வருவார்கள். நடுப்பத்தி தானே பேசும், மறுத்துப் பேசச் சொன்னாலும் அசராது. அவர்களைச் சேர்த்துக் கட்டணம் வாங்க எனக்கு மனம் வராது. பழைய வினாத்தாள் சிலவற்றைக் கொடுத்து, வாரம் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொல்லி அனுப்பிவிடுவேன். முக்கால்வாசிப் பேர் இரண்டு கட்டுரையோடு நிறுத்திவிடுவார்கள். அப்படியும் பேண்ட் 5 வாங்கிவிடுவார்கள்.