பரிந்துரைக் கடிதம் யாரிடம் பெறுவது?

பத்து காவான் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பலர் இன்று உயர்கல்வியை நாடுகின்றனர். கல்லூரி பரிந்துரைக் கடிதம் கேட்டதும் நாம் தோட்ட நிர்வாகியையோ அரசியல் பிரமுகரையோ தேடி ஓடுகிறோம். இது சரியன்று.

மரத்தின் பால்வளத்தை அறிந்தவர் அதனை நாள்தோறும் சீவுபவரே. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் அல்லர். அவ்வாறே மாணவனின் உழைப்பை அறிந்தவர் அவனுக்குப் பாடம் போதித்த ஆசிரியரே. "நல்ல பையன்" என்னும் பெரிய மனிதரின் ஒரு வரியைவிட, கணிதத்தில் பின்தங்கியிருந்தவன் எவ்வாறு முன்னேறினான் என்று ஆசிரியர் எழுதுவதே பயன் தரும்.

அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் பொதுவான மதிப்பீட்டில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடும் உண்டு. கடிதம் பெரும்பாலும் உபகாரச் சம்பளத்திற்கும் வெளிநாட்டுக் கல்விக்குமே தேவைப்படும். பிரிட்டனுக்கு விண்ணப்பிப்போர் உறவினர், நண்பர் ஆகியோரிடம் கடிதம் பெற இயலாது.

ஆகவே, பெற்றோர்களே, இறுதி நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே ஆசிரியரை அணுகச் செய்யுங்கள். தேர்ச்சி அறிக்கையின் நகலையும், பிள்ளை தன்னைப் பற்றி எழுதிய ஒரு பக்கக் குறிப்பையும் உடன் கொடுத்தனுப்புங்கள். ஆசிரியர் தயங்கினால் வற்புறுத்தாது, பிள்ளையை நன்கறிந்த வேறோர் ஆசிரியரை நாடுவதே நலம்.