சேர்வரைக் கிளவுட்டுக்கு ஏற்றப் போகிறீர்களா? ராத்தா சொல்லும் டிப்ஸ்

தங்கச்சிமாரே, பள்ளிவாசல்துறையில் இருக்கிற எங்களுக்கு நுரைச்சோலை ஒன்றும் தூரமில்லை. 900 மெகாவோட் அனல்மின் நிலையம் எங்கள் கற்பிட்டிக் கரையிலேயே நிற்கிறது. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததால் என்றார் அமைச்சர். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் முறைவைத்துக் கரண்ட் வெட்டினார்கள். 2022இல் பட்டது இதைவிட மோசம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்களுக்கும் டீசல் இல்லை.

கந்தோர் மூலையில் ஒரு சேர்வர், அதற்குள் கணக்கு, பில், சம்பளம், ஃபைல் என்று நாலைந்து வேர்ச்சுவல் மெஷின் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அப்படியான நாட்களில்தான் கிளவுட் ஞாபகம் வரும். வேர்ச்சுவல் மெஷின் மென்பொருள் செய்யும் விஎம்வெயாரை 2023 நவம்பரில் வாங்கிய பிரோட்கொம், ஒரேயடியாகக் காசு கட்டி வாங்கும் லைசன்ஸை நிறுத்திச் சந்தா ஆக்கியதிலிருந்து இன்னும் பலருக்கு அந்த எண்ணம் வந்திருக்கிறது. போகலாம், தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகவேண்டாம். கரண்ட் போனால் எது நின்று தொழில் கெடுகிறதோ, அதை மட்டும் முதலில் ஏற்றுங்கள்.

அதற்கு முன் ஒரு மாதம் அளந்து பாருங்கள். ஒவ்வொரு மெஷினும் உண்மையில் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு தின்கிறது என்று குறித்து வையுங்கள். மாதக் கடைசி கட்டாயம் அதற்குள் வரவேண்டும், ஏனென்றால் சம்பள மெஷின் மாதம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி இரண்டு நாள்தான் மூச்சு வாங்கும். கொடுத்திருப்பது 16 ஜிபி, தின்பது 5 ஜிபி என்று இருக்கும். கிளவுட்டில் தின்பதற்கு இல்லை, எடுத்து வைத்த அளவுக்குத்தான் பில். யாரும் சொந்தம் கொண்டாடாத மெஷின் ஒன்றும் எப்படியும் அகப்படும். அதை இரண்டு கிழமை நிறுத்தி வையுங்கள். ஒருவரும் சத்தம் போடாவிட்டால் ஏற்றவே வேண்டாம்.

எது எதோடு பேசுகிறது என்பதில்தான் பெரும்பாலானோர் வழுக்குவது. பழைய பில் மென்பொருள்களைப் பாருங்கள். ஒரு திரை திறக்க டேட்டாபேஸிடம் முந்நூறு தடவை கேள்வி கேட்கும். இரண்டும் ஒரே கந்தோரில் இருக்கும்வரை ஒரு கேள்விக்கு ஒரு மில்லிசெக்கன், ஆகவே திரை கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். டேட்டாபேஸை மட்டும் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு மென்பொருளை இங்கேயே விட்டால் போய்வர 50 மில்லிசெக்கன் என்று வையுங்கள். முந்நூறு கேள்விக்கும் 15 செக்கன்! காசாளர் பிள்ளை பட்டனை அமத்திவிட்டுச் சும்மா இருக்கும், வரிசையில் நிற்கிறவர் முறைப்பார். பேசிக்கொள்ளும் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றுங்கள். கந்தோரில் இருக்கிறவர்கள் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக உள்ளே போய் வேலை செய்யட்டும்.

அமேசோன், மைக்ரோசொஃப்ட், கூகிள் மூன்றுக்கும் இலங்கையில் கிளவுட் மையம் இல்லை. கிட்ட இருப்பவற்றில் சென்னை, மும்பாய், சிங்கப்பூர் மூன்றையும் பார்க்கலாம். சென்னை பக்கம்தானே என்று ஓடிவிடாதீர்கள். மைக்ரோசொஃப்டின் சென்னை மையத்தில் எல்லா வகை மெஷினும் கிடைக்காது. உங்கள் லைனில் இருந்தே மூன்று இடங்களுக்கும் போய்வரும் நேரத்தை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரச நிறுவனம் அல்லது நோயாளிகள் விபரம் வைத்திருக்கும் இடம் என்றால், 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் தரவைக் கடல் தாண்ட விடவேண்டாம்.

ஏற்றுவதற்கு அமேசோனும் மைக்ரோசொஃப்டும் தாங்களே கருவி தருகின்றன. இங்கே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கே பிரதி நிரம்பும். அமேசோனின் கருவிக்கு ஒரு சேர்வருக்கு முதல் 90 நாள் கட்டணமில்லை, ஆனால் அங்கே பிடிக்கும் டிஸ்க்குக்குக் காசு ஓடும். உங்கள் லைனின் அப்லோட் வேகத்தைப் பாருங்கள், விளம்பரத்தில் போடும் டவுன்லோட் வேகத்தை அல்ல. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் 2 டெராபைட் போய்ச்சேர இராப்பகலாக ஓடினாலும் ஒன்பது நாளுக்கு மேல். தொடங்க முன் பழைய ஸ்னப்ஷொட் எல்லாவற்றையும் ஒன்றாக்கி அழித்துவிடுங்கள். சேர்வரோடு வந்த விண்டோஸ் லைசன்ஸ் அந்தப் பெட்டியோடு கட்டுப்பட்டது, கிளவுட்டுக்கு வராது.

மாற்றும் நாளுக்குப் போயா லீவு வாய்ப்பானது. எல்லோரும் புதிய முகவரிக்குச் சீக்கிரம் திரும்பும்படி முதல்நாளே டிஎன்எஸ் டிடிஎல்லை 300 செக்கனுக்குக் குறைத்து வையுங்கள். புதியது எழும்பியதும் ஒரு பில் அடித்து, ஒரு ரிப்போர்ட் எடுத்து, பிரின்டரில் தாள் வருகிறதா என்று பாருங்கள். பழையதையும் புதியதையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் ஆளுக்கொரு பக்கம் பில் போட்டு, பிறகு எது சரி என்று கணக்காளர் தலையில் கை வைப்பார். ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீர்கள். விபிஎன் போட்டே உள்ளே போகவேண்டும்.

பில் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது மறந்திருக்காது. தரவை ஏற்றக் காசில்லை, இறக்கத்தான் காசு. பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். இராத்திரியில் தேவைப்படாத மெஷின் தானாக நிற்கும்படி செய்யுங்கள். ஒரு வருட ஒப்பந்தத்தில் தள்ளுபடி என்பார்கள். இரண்டு மூன்று மாத பில் கையில் வரட்டும், பிறகு பார்க்கலாம்.

இனி பெக்கப். கிளவுட்டில் இருந்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் லங்கா கவர்மென்ட் கிளவுட்டில் நடந்ததைக் கேளுங்கள். 2023 ஓகஸ்ட்டில் ரான்சம்வெயார் புகுந்து, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போய்விட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று. பெக்கப் இருந்தது, ஆனால் ஒன்லைனில் இருந்ததால் அதுவும் பூட்டுப்பட்டது. கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லை. தென்கொரியா போன்ற பணக்கார நாட்டிலேயே 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் அரச தரவு மையம் பற்றியெரிந்தபோது, ஊழியர்கள் ஃபைல் போட்டுவைத்த 858 டெராபைட்டுக்கு வெளியே ஒரு பிரதியும் இருக்கவில்லை. ஆகவே கிளவுட்டில் ஒரு பெக்கப், வேறு கணக்கில் அல்லது வேறு நாட்டில் ஒன்று, அதோடு கிழமைக்கு ஒருமுறை இங்கே வெளி டிஸ்க் ஒன்றில் இறக்கி, கழற்றி, அலுமாரியில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு மெஷினை உண்மையிலேயே எழுப்பிப் பாருங்கள்.

பழைய சேர்வரை உடனே விற்காதீர்கள். ஒரு மாதக் கடைசியாவது தாண்டும்வரை நிறுத்திய நிலையில் அப்படியே இருக்கட்டும். பிறகு பழைய சாமான் வாங்குபவருக்குக் கொடுப்பதென்றால் டிஸ்க்குகளைக் கழற்றிக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள்.