இருபத்து நான்கு பந்துகளில் ஒரு தொழில்

2024 மே 8, ஹைதராபாத். யாழ். மத்திய கல்லூரியின் பழைய மாணவர் விஜயகாந்த் வியாஸ்காந்துக்கு ஐபிஎல்லில் முதல் ஆட்டம். குதிக்கால் காயத்தால் வனிந்து ஹசரங்க விலக, அந்த இடத்துக்கு 50 இலட்சம் இந்திய ரூபாய்க்குச் சன்ரைசர்ஸ் எடுத்த பிள்ளை. நான்கு ஓவர், 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. விக்கெட் இல்லையே என்று மனம் சுருங்கியவர்கள் அடுத்த இன்னிங்ஸைப் பார்க்கவேண்டும். அதே ஆடுகளத்தில் சன்ரைசர்ஸ் விக்கெட் இழக்காமல் 58 பந்துகளில் 167 ஓட்டங்களை அடித்து முடித்தது. அப்படியான இரவில் ஓவருக்கு ஏழு ஓட்டங்களுக்குள் கட்டி வைத்தது பெரிய வேலை.

பேஸ்போலில் ஆட்டத்தின் நடுவே இறக்கப்படும் மாற்றுப் பந்தெறிவாளருக்கும் இதே வேலைதான். பனாமாவின் மீன்பிடிக் கிராமத்திலிருந்து போன மரியானோ ரிவேரா, பெரும்பாலும் 'கட்டர்' என்ற ஒரே பந்தை நம்பி 652 ஆட்டங்களில் தன் அணியின் முன்னிலையைக் காத்துக் கொடுத்தார்.

ஆகவே தம்பிமாரே, முதலில் ஒரு பந்தை உங்களுடையதாக்குங்கள். லெக் ஸ்பின்னோ கூக்ளியோ, சிக்ஸர் வாங்கிய அடுத்த பந்திலும் அது நினைத்த இடத்தில் விழவேண்டும். புதுப் புது வித்தைகள் பிறகு.

1904இல் தொடங்கிய வடக்கின் பெருஞ்சமர் என்ற பாடசாலைக் கிரிக்கெட் ஆட்டம் நல்ல பயிற்சிக்களம்தான். ஆனால் அது நாள்கணக்கில் நடக்கும் ஆட்டம். காலையில் விட்ட பிழையைப் பின்னேரம் திருத்தலாம். 24 பந்துகளில் அதற்கு இடமில்லை.

பாடசாலை முடிந்ததும் கொழும்பில் ஒரு கழகம் தேடுங்கள். தேர்வாளர் கண்ணில் படுவது அங்கேதான். வியாஸ்காந்துக்குக் கதவு திறந்தது லங்கா பிரீமியர் லீக்கில், ஜப்னா ஸ்டாலியன்ஸ் அணிக்காக. 2020 டிசம்பர் 4, பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல் நாள். எடுத்த விக்கெட் அஞ்சலோ மத்யூஸ்!

ஒப்பந்தங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், காயம் சொல்லாமல் வரும். அதனால் உயர்தரப் பரீட்சையைக் கைவிடாதீர்கள். கடவுச்சீட்டைக் காலாவதியாக விடாதீர்கள். மாற்று வீரருக்கான அழைப்பு எந்த நாளிலும் வரலாம்.

பயிற்சியில் உடல் சூடேறிய பத்தாவது ஓவர் யாருக்கும் நன்றாக வரும். அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்று பின்னேரம் மைதானத்துக்குப் போய், அரை மணி நேரம் எல்லையில் நின்றுவிட்டு வந்து ஆறு பந்து போடுங்கள். எத்தனை சரியாக விழுந்தன என்று கொப்பியில் எழுதுங்கள். அணித்தலைவர் உங்களிடம் கேட்கப்போவது அந்த ஆறு பந்துகளைத்தான்.