பழைய காருக்குப் புதிய மீட்டர்



கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800-இன் மீட்டர் போர்டில் வேகம், பெட்ரோல், என்ஜின் சூடு ஆகியவற்றுக்குத்தான் முள் உண்டு. ஆயில் அழுத்தத்துக்கும் பேட்டரி சார்ஜுக்கும் தலா ஒரு சிவப்பு விளக்கு மட்டும். ஆயில் விளக்கு எரியும் நேரத்தில் அழுத்தம் அநேகமாக முழுவதும் இறங்கிவிட்டிருக்கும். சூட்டு முள்ளோ எத்தனை டிகிரி என்று சொல்லாது. இப்போதைய கார்களில் பழுதறிய உதவும் ஓ.பி.டி. சாக்கெட்டில் சிறு கருவியொன்றைச் செருகினால் இந்த விவரங்களில் பல எண்ணாகவே கிடைத்துவிடும். கார்புரேட்டர் வண்டியில் அப்படிக் கேட்டு வாங்க என்ஜின் கம்ப்யூட்டரே கிடையாது. அதனால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு சென்சார், அதைப் படிக்க ஒரு மைக்ரோகண்ட்ரோலர், காட்ட ஒரு திரை என எல்லாவற்றையும் கையால் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் சிறிய வடிவமான நானோ இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

பெரும்பாலோர் திரையைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறார்கள். முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். காரின் 12 வோல்ட் பெயரளவில்தான் 12. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14 வோல்ட்டை ஒட்டி நிற்கும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கும். இதைவிட ஆபத்தானது, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி டெர்மினல் கழன்றுபோவது. அந்தக் கணத்தில் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். நானோவில் உள்ள ரெகுலேட்டர் இதைத் தாங்காது. எனவே சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் ஒரு வயரிலிருந்து மின்சாரம் எடுத்து, எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் போட வேண்டும். அடுத்து, முனை மாறினால் தடுக்க ஒரு டையோடு. அதன்பின் 18 வோல்ட் அளவில் கடத்தத் தொடங்கி, மின்னழுத்தத் தாவலை விழுங்கும் 1,500 வாட் டி.வி.எஸ். டையோடு. கடைசியாக 40 வோல்ட் வரை ஏற்கும் எல்.எம்.2596 வகை, மின்னழுத்தத்தைக் குறைக்கும் பக் கன்வர்ட்டர். அதன் வெளியீட்டை 5 வோல்ட்டுக்குத் திருகி வைத்து, மல்ட்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே நானோவுடன் இணைக்கலாம். இந்தப் பகுதிக்கு ஆகும் செலவு திரையின் விலையைவிடக் குறைவு. பாதியில் செத்துப்போகும் கருவிகளில் பெரும்பாலானவை இதை விட்டுவிட்டுக் கட்டப்பட்டவை.

பேட்டரி வோல்ட்டை அளப்பதுதான் எல்லாவற்றிலும் எளிது. 30 கிலோ ஓம், 10 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் நாலில் ஒன்றாகும், 14.4 வோல்ட் 3.6 ஆகிவிடும். நானோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிப்பதால், ஒரு படி பேட்டரியில் சுமார் 0.02 வோல்ட்டுக்குச் சமம்.

பழைய காருக்கு மிகவும் பயன்படும் அளவு என்ஜின் சூடு. ரேடியேட்டர் விசிறி ஓடாமல் நின்றதை உரிய நேரத்தில் அறிந்தால் ஹெட் கேஸ்கெட் தப்பும். மீட்டர் முள்ளுக்குப் போகும் சென்சாரிலேயே ஒட்டுப் போட்டால் முள்ளும் பொய் சொல்லும், திரையும் பொய் சொல்லும். தனி சென்சார்தான் சரி. ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவே ஓர் உலோக அடாப்டரைச் செருகி, அதில் சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் இரண்டு வயர் தெர்மிஸ்டரைத் திருகுவது வழக்கம். ரப்பர் ஹோஸின் நடுவில் எர்த் கிடைக்காது என்பதால் ஒற்றை வயர் சென்சார் அங்கே உதவாது. தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மேல் ஹோஸில் சுடுநீர் ஓடாது. ஆகவே முதல் சில நிமிடங்கள் எண் குறைவாக நிற்பது பிழையல்ல.

சாதாரண 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் 25 டிகிரியில்தான் 10 கிலோ ஓம். 100 டிகிரியில் அது வகைக்கேற்ப 700 முதல் 1,000 ஓம் வரை சுருங்கிவிடும். அதனுடன் 10 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்தால் சூடான பகுதியில் டிகிரிக்கு டிகிரி மாற்றம் மிகச் சிறிதாகிவிடும். 1 கிலோ ஓம் சேர்த்தால் தேவையான இடத்தில் துல்லியம் கூடும். பனிக்கட்டி நீரிலும் கொதிநீரிலும் வைத்துச் சரிபார்க்கலாம். சென்னையில் கொதிநீர் 100 டிகிரி. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் ஏறக்குறைய 92 அல்லது 93தான். இன்னொன்றும் உண்டு. தண்ணீர் முழுவதும் ஒழுகிப்போனால் சென்சார் காற்றில் நிற்கும், எண் இறங்கும். அதனால் 105 டிகிரியைத் தாண்டினால் மட்டுமல்ல, ஓடும் என்ஜினில் எண் திடீரென விழுந்தாலும் பஸ்ஸர் ஒலிக்குமாறு நிரலை எழுத வேண்டும்.

ஆர்.பி.எம். கணக்கிட இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் முனையைப் பயன்படுத்துவார்கள். மூன்று சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுற்றுக்கு ஒன்றரைப் பொறி, 3,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 75. அந்த முனையில் சில நூறு வோல்ட் துடிப்புகள் வருவதால் உயர் மின்தடையும் ஆப்டோகப்ளரும் இல்லாமல் நானோவைத் தொடவிடக் கூடாது. விநாடிக்கு எத்தனை பொறி என்று எண்ணினால் ஆர்.பி.எம். 40, 40 ஆகத் தாவும். இரு பொறிகளுக்கு இடையிலான நேரத்தை அளப்பதே நல்லது. ஒரு பொறிக்குப் பின் வரும் அதிர்வுகளையும் நிரல் பொறி என்று எண்ணிவிடும். 6,000 ஆர்.பி.எம்.மில்கூட அடுத்த பொறிக்கு 6.7 மில்லிவிநாடி ஆகும் என்பதால், முதல் 4 மில்லிவிநாடியில் வருவதை ஒதுக்கிவிடலாம்.

ஆயில் அழுத்தத்துக்கு 0.5 முதல் 4.5 வோல்ட் வரை தரும் சென்சார்கள் கிடைக்கின்றன. சிவப்பு விளக்கை எரியவைக்கும் பழைய ஆயில் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் 'டி' இணைப்பு வைத்து இரண்டையும் பொருத்தலாம். மரை பொருந்துகிறதா என்று முன்பே பார்க்க வேண்டும்: ஜப்பானிய வழி என்ஜின்களில் வழக்கமானது அங்குலத்துக்கு 28 மரை, கடையில் வரும் சென்சார்கள் பலவற்றில் 27. வலிந்து முறுக்கினால் ஆயில் கசியும்.

வயர்கள் சைலன்சர் குழாயையும் பிளக் வயர்களையும் விட்டு விலகிப் போக வேண்டும். என்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் அவசியம். சென்சார்களின் எர்த் அனைத்தும் ஒரே புள்ளியில் சேராவிட்டால், ஹெட்லைட் போட்டதும் சூடு மாறியதுபோல் திரை காட்டக்கூடும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியையும் தாண்டக்கூடும். திரையை அதன் மேல் வைக்காமல் நிழல் விழும்படி கீழே பதிப்பது நல்லது. ஓட்டும்போது கண் அரை விநாடிதான் திரைக்கு வரும். நாலு எண்கள் துடித்துக்கொண்டிருப்பதைவிட, சராசரி எடுத்து நிதானமாக நகரும் ஒரு பட்டையும் ஒரு பெரிய எண்ணும் மேல்.

பழைய முள்ளையும் சிவப்பு விளக்குகளையும் கழற்றக் கூடாது. புதியது பழுதானால் அவையே துணை. புதிய கருவியின் இணைப்புகள் அனைத்தும் ஒரே சாக்கெட் வழியாகப் போனால், மெக்கானிக் அதைப் பிடுங்கிவிட்டு வழக்கம்போல் வேலை பார்க்கலாம். கடைசிச் சோதனை, சாவியை எடுத்தபின் பேட்டரியிலிருந்து எவ்வளவு கசிகிறது என்பது. தவறான வயரில் இணைத்த கருவி 50 மில்லிஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் காலியாகிவிடும்.