கங்காணியின் ஊரைத் தேடுங்கள்

கேள்வி: கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவன் நான். சிப்காட்டில் வேலை. அப்பா 1962-இல் இலங்கையில் பிறந்தவர். தாத்தா கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். ஐந்து வயதில் தாய் தகப்பன் இருவரும் காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட, தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருந்த கங்காணி வீட்டில் வளர்ந்தாராம். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் வவுனியாவுக்குப் போனது. 1990-இல் படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து இங்கே. பூர்வீகம் கேட்டால் தாத்தா "வட ஆற்காடு ஜில்லா" என்பார், அதற்கு மேல் தெரியாது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரைப் பற்றிய இடத்தில் வெறும் கோடுதான். பெற்றோரை இழந்த குழந்தையின் வேரை எங்கே போய்த் தேடுவது? கிடைத்தால் குடியுரிமைக்கு உதவுமா?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: அநாதையாக நின்ற குழந்தையின் பெற்றோரை நேரடியாகத் தேடினால் பெரும்பாலும் சுவரில் முட்டிக்கொள்வோம். அந்தக் குழந்தைக்காகப் பதிவேட்டில் பெயர் சொன்னவர் யார் என்று தேடுங்கள். உங்கள் விஷயத்தில் அது கங்காணி.

தோட்டத்துக்கு ஆள் கட்டிய முறையை நினைத்துப் பாருங்கள். கங்காணி தன் சொந்த ஊருக்கு வந்து, உறவு முறையிலும் சாதிக்குள்ளும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்துக்கொண்டு போவார். ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்தவர்கள் பலரும் ஒரே வட்டாரத்துக்காரர்கள். பெற்றோர் இறந்ததும் குழந்தையைத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார் என்றால், அவர் சொந்தமாகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே கங்காணியின் ஊர்தான் உங்கள் முதல் துப்பு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வளர்த்தவர் பெயரே தகப்பன் பெயராகவும் தோட்டத்து வேலையாள் பதிவேடான செக்ரோலில் ஏறியிருக்கலாம். தாத்தாவின் தலைப்பெழுத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது காலம். இலங்கையில் 1934-35-இல் பரவிய மலேரியா சுமார் 80,000 பேரைக் கொன்றது. அதில் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று கேகாலை. தாத்தாவின் வயதைக் கணக்கிட்டு, அவருக்கு ஐந்து வயது அந்த ஆண்டுகளை ஒட்டி வருகிறதா பாருங்கள். வந்தால், தேட வேண்டிய ஆண்டுகள் கைக்குள் அடங்கிவிடும். தோட்டத்தின் பெயரைக் கொடுத்து, அந்த ஆண்டுகளின் இறப்புப் பதிவுகளை இலங்கைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கேட்கலாம். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே தோட்டத்தில், சில வாரங்களுக்குள், கணவன் மனைவி என இரண்டு சாவு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கூலியாட்கள் போவதற்கு 1939 ஆகஸ்டு 1 முதல் இந்திய அரசு தடை போட்டது. உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்கு முன்பே போனவர்.

அப்பாவின் சான்றிதழில் உள்ள அந்தக் கோட்டை அலட்சியம் செய்யாதீர்கள். 1948 இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் அல்லது பாட்டன், பூட்டன் அங்கே பிறந்தவர்களா என்று பார்த்தது. அதனால்தான் அந்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் நிரப்பும் இடம் ஒன்று உண்டு. அங்கே கோடு போட்டிருந்தால் இரண்டு பொருள்: தெரியாது; அல்லது அவர் இலங்கையில் பிறக்கவில்லை. அதே சான்றிதழில் தகப்பன் பிறந்த இடம் என்று தாத்தாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி "வட ஆற்காடு". இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்தை மட்டும் தேடி நின்றுவிடாதீர்கள். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டிலிருந்து போன பகுதிகளில் திருத்தணியும் ஒன்று. 1960-இல் அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பி, செங்கல்பட்டோடு சேர்ந்தது. 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. பழைய ஜில்லாப் பெயரையே சொல்லிப் பழகிய தலைமுறை அது. தாத்தாவின் பூர்வீகம் நீங்கள் இப்போது இருக்கும் மாவட்டத்துக்குள்ளேயேகூட இருக்கலாம். அந்த வட்டாரத்தின் பழைய தாள்கள் சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் இருக்கவும் கூடும். வீட்டில் தணிகாசலம், தணிகைவேல் மாதிரிப் பெயர்கள் வருகிறதா, குலதெய்வம் எது, தாத்தா பேச்சில் தெலுங்குச் சொல் கலந்ததா என்று பாட்டியிடம் கேளுங்கள். இவை அடையாளங்களே தவிர ஆதாரம் ஆகா. ஆனால் எந்தப் பக்கம் பஸ் ஏறுவது என்று சொல்லும்.

ஊர் கொஞ்சம் பிடிபட்டதும் அங்கே போய், "கண்டிக்காரர் வீடு எது?" என்று கேளுங்கள். இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். கங்காணிகள் சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரில் நிலம் வாங்கினார்கள், கோயில் திருப்பணிக்குக் கொடுத்தார்கள். கோயில் கல்லிலும் பழைய பத்திரத்திலும் அவர்கள் பெயர் இருக்கும். அதே தோட்டத்து ஆட்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பி, கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கலாம். அவர்கள் கையில் கண்டியில் வாங்கிய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் உண்டு. கங்காணியின் பிள்ளைகள் யாராவது அந்த வழியில் வந்திருந்தால், உங்கள் தாள்களில் இல்லாத ஊர் அவர்கள் தாள்களில் இருக்கலாம்.

எச்சில் கொடுத்துச் செய்யும் மரபணுச் சோதனையைப் பலர் கேட்கிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட சமூகங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகத் தெரியும். அந்தத் தரவுத்தளங்களில் நம் கிராமத்து ஆட்கள் மிகக் குறைவு. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமைக்கு வருவோம். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் "இந்திய வம்சாவளியினர்" என்றால், தானோ தன் பெற்றோரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்தவர். தாத்தா கைக்குழந்தையாக இங்கிருந்து போனவர் என்றால் உங்கள் அப்பாவுக்கு அந்த வாதம் உண்டு. தோட்டத்திலேயே பிறந்தவர் என்றால், பாட்டி இங்கே பிறந்தவரா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கொள்ளுத்தாத்தாவின் ஊர் கிடைத்தும் இந்தப் பிரிவு கைகொடுக்காது. மேலும், 2003 திருத்தத்துக்குப் பிறகு "சட்டவிரோதக் குடியேறி" என்ற சொல் முகாம்வாசிகளுக்குக் குறுக்கே நிற்கிறது. இந்திய வம்சாவளி முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. வழக்கறிஞரிடம் போகும்போது அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் முகாமிலும் புழல் முகாமிலும் மலையகத்திலிருந்து வந்த வயதானவர்கள் இருப்பார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை செல்போனில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், கங்காணியின் ஊர்: இந்த மூன்றையும் கேளுங்கள். பதிவேடு இன்னும் பத்து வருடம் கழித்தும் அலமாரியில் இருக்கும். அவர்கள் இருப்பார்களா என்பது நிச்சயமில்லை.